உரக்குழி முதல் மஞ்சப்பை வரை

'பசுமை நகரம்' என்கிற வாசகத்தை மாநகராட்சிச் சுவர்களில் எழுத ஆரம்பித்துக் கொஞ்ச வருஷந்தான் ஆகிறது. ஆனால் அந்த வேலை நம் ஊர்களில் எண்பது வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. யார் கையால் நடக்கிறது என்பதைத்தான் எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

1930-களின் கடைசியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா ஓர் உரமுறையை உருவாக்கினார். 'பெங்களூர் முறை' என்று இன்றைக்கும் பொதுசுகாதாரப் பாடநூல்களில் இருக்கிறது. ஊருக்கு வெளியே மூன்றடி ஆழத்தில் நீளக் குழி வெட்ட வேண்டும். அடியில் 15 சென்டிமீட்டர் குப்பை. அதன் மேல் 5 சென்டிமீட்டர் மலம். மறுபடியும் குப்பை, மறுபடியும் மலம். கடைசியில் மண்ணைப் போட்டு மூடிவிட்டால் நாலு முதல் ஆறு மாதத்தில் உரம். உலகப்போரும் 1943 வங்கப் பஞ்சமும் சேர்ந்து நெருக்கிய காலத்தில், உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று நகராட்சிகள் இந்த முறையைக் கையில் எடுத்தன. உரத்தை விவசாயிகளுக்கு விற்றுக் காசும் பார்த்தன. குப்பையிலிருந்து வளம் என்று இன்றைக்கு மாநாடு போட்டுப் பேசுகிறார்களே, அது அப்போதே நடந்த கதை.

பாடநூலில் இதை எப்படி எழுதியிருக்கிறார்கள்? 'குப்பை பரப்பப்படுகிறது', 'மலம் கொட்டப்படுகிறது', 'மண்ணால் மூடப்படுகிறது'. தமிழ் எம்.ஏ. படித்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இதுதான்: செயப்பாட்டுவினை வந்தால் செய்தவன் எங்கே ஒளிக்கப்பட்டிருக்கிறான் என்று தேடத் தோன்றும். எடுப்புக் கக்கூஸிலிருந்து வாளியில் அள்ளி, தலையிலும் வண்டியிலும் சுமந்து, குழிக்குள் இறங்கி 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பியவர்கள் யார்? தென் மாவட்டங்களிலும் கொங்கிலும் பெரும்பாலும் அருந்ததியர். சென்னையில் ஆதி ஆந்திரர். நகராட்சி ஏட்டில் அவர்களுக்குப் பேர் 'தோட்டி'. உரம் வயலுக்குப் போனது. நெல்லாகி எல்லார் வீட்டு உலையிலும் ஏறியது. அதில் யாரும் தீட்டு பார்க்கவில்லை. அள்ளியவனை மட்டும் டீக்கடையில் தனி கிளாஸில் குடிக்கச் சொன்னார்கள்.

அந்தக் குழி ஊர் எல்லையிலிருந்து 800 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பதும் விதி. ஊர் எல்லைக்கு அப்பால் யார் குடியிருப்பு இருக்கிறது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மதுரைக்கு வருவோம். நகரத்தின் சாக்கடைத் தண்ணீரை அவனியாபுரம் பக்கம் கொண்டுபோய்ப் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள். மாநகராட்சியின் புல்பண்ணை அது. பிற்பாடு அதே அவனியாபுரத்தை ஒட்டிய வெள்ளக்கல்லில்தான் நகரத்துக் குப்பையும் வந்து குவிந்தது. 2011-இல் திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் நகராட்சிகளையும் சுற்றியிருந்த ஊர்களையும் சேர்த்துக்கொண்டு 72 வார்டு மதுரை 100 வார்டு ஆனது. நகரத்தின் கழிவைச் சுமந்த பக்கம் நகரத்துக்கு உள்ளேயே வந்துவிட்டது. சுமப்பது மட்டும் நிற்கவில்லை.

திருப்பரங்குன்றத்துக்கு ஒரு பெருமை உண்டு. அங்கிருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஆர். வாசுதேவன்தான் பிளாஸ்டிக் கழிவில் ரோடு போடும் முறையைக் கண்டுபிடித்தவர். ஜல்லியை 170 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் படலமாகப் படியும். அதற்கப்புறம் தார். தாரும் மிச்சம், தண்ணீர் இறங்கிக் குழி விழுவதும் குறைவு. ஒரு கிலோமீட்டர் ஒற்றைவழிச் சாலைக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் போகும். 2002-இல் கல்லூரி வளாகத்துக்குள் முதல் ரோடு. 2006-இல் காப்புரிமை. 2018-இல் பத்மஸ்ரீ. நல்ல கண்டுபிடிப்பு, மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த ஒரு டன் எங்கிருந்து வருகிறது? எல்லா பிளாஸ்டிக்கும் ஆகாது. பி.வி.சி. கலந்தால் சூட்டில் நச்சு வாயு வரும். சோறும் குழம்பும் ஒட்டியிருந்தால் கழுவிக் காயவைக்க வேண்டும். கேரிபேக்கைக் கசக்கிப் பார்த்து, வருகிற சத்தத்தை வைத்தே இது எந்த ரகம், எது உருகும், எது காயலான் கடையில் விலை போகும் என்று சொல்லிவிடுகிற பெண்கள் குப்பைமேட்டில் இருக்கிறார்கள். அதுவும் ஒரு அறிவுதான். அதற்குக் காப்புரிமை கிடையாது, கையுறைகூடக் கிடையாது.

2016-இல் வந்த திடக்கழிவு விதிகள் மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாக வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொன்னது. நாப்கினைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும், அதற்கான உறையைக் கம்பெனிக்காரனே தர வேண்டும் என்றும் சொன்னது. நூறு கிலோவுக்கு மேல் குப்பை போடும் ஓட்டல்களும் மண்டபங்களும் கூடியமட்டும் தங்கள் இடத்திலேயே மட்க வைக்க வேண்டும். எல்லாம் நல்ல விதிதான். எந்தத் தெருவிலாவது காலையில் பேட்டரி வண்டியோடு வரும் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள். 'எங்கங்க பிரிக்கிறாங்க? எல்லாத்தையும் ஒரே பையில கட்டித் தூக்கிப் போடுறாங்க, நாங்கதான் கையை விட்டுப் பிரிக்கிறோம்' என்பார்கள். பௌர்ணமி கிரிவலம் முடிந்த மறுநாள் காலையில் திருப்பரங்குன்றத்துத் தெருவைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி வேண்டாம். பிரிக்காத வீட்டுக்கு அபராதம் போட வேண்டும் என்பது சட்டம். பிரிக்காத குப்பையை வாங்கினால் மேஸ்திரி திட்டுவார். வாங்க மறுத்தால் வீட்டுக்காரர் புகார் செய்வார். இது நடப்பு.

மனிதரைப் பிரித்து ஊர் வேறு, சேரி வேறு என்று ஆயிரம் வருஷமாக வைக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு வாளியைப் பிரித்து வைக்கக் கை வரவில்லை! கை வராமல் இல்லை. கடைசியில் பிரிப்பதற்கு ஒரு சாதி இருக்கிறது என்கிற நிச்சயம்.

14 வகை பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை'. மஞ்சப்பையோடு ஊரிலிருந்து வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த நகரம், அதையே விருதுக்குரிய பொருளாக்கியது. போகட்டும். 2020-இல் துப்புரவுத் தொழிலாளருக்குத் 'தூய்மைப் பணியாளர்' என்று அரசு பெயர் மாற்றியது. 2022 அக்டோபரில் அரசாணை 152 வந்து, மாநகராட்சிகளில் அந்தப் பணிகளைத் தனியார் கம்பெனி வழியாக ஒப்பந்தத்துக்கு விட வழிசெய்தது. தோட்டி என்று இழிவாக எழுதிய ஏட்டில் மஸ்டரும் பென்ஷனும் இருந்தன. கௌரவமான பெயர் வந்தபோது ஏடே இல்லை. அதே 2022-இல், ஏப்ரலில், மதுரை நேரு நகரின் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிச் செத்தார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமைக்கு 1993-இல் ஒரு தடைச் சட்டம், 2013-இல் இன்னொன்று வந்த பிறகு இது.

2025 ஜூலையில் மத்திய அரசின் தூய்மைப் பட்டியல் வெளியானது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரைக்கு 40-ஆவது இடம். பெருக்குகிறவர் பக்கமே விரல்கள் நீண்டன. பிரிக்காமல் கொட்டிய வீடுகளையும் கடைகளையும் ஓட்டல்களையும் யாரும் வரிசைப்படுத்தவில்லை.

அடுத்த மாதம் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால், இரண்டு மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கேட்டது பணி நிரந்தரம். 13 நாள் கழித்து ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அரசு அவர்களுக்கு இலவசக் காலை உணவுத் திட்டத்தை அறிவித்தது. அதே ஆகஸ்டில் மதுரையிலும் வேலைநிறுத்தம் நடந்தது. தெருவில் குப்பை தேங்கியது. அப்போதும் பிரிக்காமலேதான் தேங்கியது.