பொன்னாகாத செம்பு



வேதியியலின் தந்தை ஜாபிர் இப்னு ஹய்யான் என்று மேடைதோறும் பெருமை கொள்கிறோம். அவர் பெயரால் வழங்கும் நூல்கள் யாவும் ஒருவரே எழுதியவையா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அந்நூல்களின்படி, உலோகங்கள் அனைத்தும் கந்தகமும் பாதரசமும் கூடிப் பிறந்தவை. அக்கூட்டின் அளவைத் திருத்தினால் செம்பும் பொன்னாகும். 'அல்கீமியா' எனும் ரசவாதத்தின் அடிப்படை இதுவே.

இக்கொள்கையை முஸ்லிம் அறிஞர்களே மறுத்தனர். செம்புக்கு வெள்ளியின் நிறத்தை ஏற்றலாமேயன்றி அதன் இயல்பை மாற்றவியலாது என்றார் இப்னு சீனா (980-1037). 1377-இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் இன்னும் கடுமையாகச் சாடுகிறார். பொன்னும் வெள்ளியும் அரிதாயிருப்பது அல்லாஹ்வின் ஞானம். அதனாலன்றோ அவை மக்களின் உழைப்புக்கும் சேமிப்புக்கும் அளவுகோலாயின! போலி நாணயம் வார்த்து மக்களை ஏய்த்தோரைத் திருடர் என்றே அவர் கண்டார்.

ஆயினும் அந்த உலைக்களத்தில் வேறொன்று விளைந்தது. ரய் நகர மருத்துவர் அர்-ராஸி (865-925) 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் புதிர் பேசவில்லை. நவச்சாரம், தாளகம், துத்தம் எனப் பொருள்களை வகைப்படுத்தினார். உலை, துருத்தி, மூசை, வாலை எனக் கருவிகளைக் குறித்தார். வடித்தல், பதங்கமாக்கல், நீற்றுதல் ஆகியவற்றைச் செய்முறையாகவே எழுதிவைத்தார். இத்தனைக்கும் அவரும் பொன்னை நாடியவர்தாம்!

செடிச் சாம்பலிலிருந்து எடுத்த காரத்திற்கு அரபியர் இட்ட பெயர் 'அல்கலீ'. உங்கள் பிள்ளை பள்ளியில் பொட்டாசியத்திற்கு எழுதும் 'கே' என்னும் குறியீடு, அச்சொல்லிலிருந்து பிறந்த 'காலியம்' எனும் லத்தீன் பெயரின் முதலெழுத்தாகும்.