தண்ணீர் வடிந்த மறுநாள்

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று இன்று கேட்டால், கிடைக்கும் பதில்கள் எல்லாம் வாசற்படிக்கு உள்ளேதான் இருக்கும். மெயின் சுவிட்சை அணையுங்கள், சாமானை மேலே ஏற்றுங்கள், மோட்டார் வைத்துத் தண்ணீரை இறையுங்கள். எல்லாம் சரியான யோசனைகள்தான். ஆனால் இறைத்த தண்ணீர் எங்கே போகும்? தெருவுக்குப் போகும்; தெருவிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும், அல்லது ராத்திரி மழையில் திரும்பி வரும். கீரமங்கலம் போன்ற ஊர்களில் இந்த வேலை நெடுங்காலம் இரண்டு பாதியாக இருந்தது. வாசலுக்கு வெளியே தண்ணீருக்கு வழி திறப்பது ஊர் வேலை. வாசலுக்கு உள்ளே நெல்லையும் சுவரையும் காப்பாற்றுவது குடும்ப வேலை. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் முதல் பாதி மெல்ல மெல்ல யாருடைய வேலையும் இல்லாமல் போயிற்று. வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் படும் பாட்டில் பெரும்பகுதி அதனால் வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஆலங்குடி வட்டத்தில் உள்ள கீரமங்கலம், பழைய தஞ்சாவூர் ஜில்லாவும் புதுக்கோட்டை சமஸ்தானமும் உரசிக்கொண்டிருந்த எல்லைப் பகுதியைச் சேர்ந்த ஊர். 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் இந்த வட்டாரம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. அம்புலி ஆறு, வில்லுன்னி ஆறு போன்றவை மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் கண்டவை. ஆகவே மழையைக் குளத்தில் பிடித்து வைப்பதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. ஒரு குளம் நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாக ஓடும் ஏற்பாடு இது. புதுக்கோட்டைச் சீமைக் கல்வெட்டுகளில் குமிழியும் தூம்பும் கலிங்கும் அவற்றைச் செய்து கொடுத்தவர்களின் பெயர்களோடு பதிவாகியிருக்கின்றன. பக்கத்துக் குளமங்கலத்தில் பெரிய குதிரையோடு நிற்கும் பெருங்காரையடி மீண்ட அய்யனாரும் வில்லுன்னி ஆற்றங்கரையில்தான் குடிகொண்டிருக்கிறார். நீர்க்கரையில் காவல் தெய்வம் இருப்பது தற்செயல் என்று சொல்ல முடியாது. இந்தச் சங்கிலியில் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துவாரி ஒன்று அடைபட்டாலும் தண்ணீர் பள்ளத்தைத் தேடி வீட்டுக்கு வரும். எனவே வெள்ளம் வந்தால் மண்வெட்டியோடு முதலில் போக வேண்டிய இடம் கரையும் கலிங்கும் வாரியும்தான்.

வெறும் வழக்கமாக இருந்த இந்த வேலை சென்னை மாகாணத்தில் சட்டமாகவும் ஆனது. 1858-ஆம் ஆண்டின் முதலாவது சட்டம், கட்டாய உழைப்புச் சட்டம், ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் சுற்றுவட்டாரத்து ஆண்களை வேலைக்கு அழைக்க அதிகாரிகளுக்கு உரிமை கொடுத்தது. குடிமராமத்துக்கு, அதாவது ஊரார் வழக்கப்படி சேர்ந்து செய்யும் பராமரிப்பு வேலைக்கு, வராதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு வசூலிக்கவும் வழி செய்தது. இங்கேயே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். பழைய ஊர் ஒற்றுமை என்று நாம் புகழ்வது பாதி கட்டாய உழைப்புதானே? ஆம். உடைப்பை அடைக்க அழைக்கலாம் என்று அந்தச் சட்டம் சுட்டியது உழைக்கும் வர்க்கத்து ஆண்களை மட்டும்தான்; நிலத்துக்காரர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். கரையைக் காத்தவர்களின் குடிசைகளோ பெரும்பாலும் தாழ்ந்த இடத்தில், தண்ணீர் முதலில் நுழையும் இடத்தில் இருந்தன. அந்தக் கட்டாயம் ஒழிந்தது நல்லதே. ஆனால் ஒழிந்த கட்டாயத்தின் இடத்தில் கூலி கொடுத்துச் செய்யும் நிரந்தர ஏற்பாடு எதுவும் வரவில்லை. பொதுப்பணித் துறை பெரிய ஏரிகளைப் பார்த்தது. தெருவை ஒட்டிய சின்ன வாரி யார் கணக்கிலும் சேரவில்லை. அநியாயமான முறையோடு அவசியமான வேலையும் சேர்ந்து போனது.

வாசலுக்கு உள்ளே நடந்த வேலைக்கு வருவோம். அன்றைய வீடு என்பது பெரும்பாலானவர்களுக்கு மண் சுவரும் கீற்றுக் கூரையும். வசதி உள்ளவர்களுக்குச் செம்புராங்கல்லும் ஓடும். மண் சுவர் மழையில் மேலிருந்து கரைவதைவிட, தேங்கிய தண்ணீரில் அடி ஊறிச் சாய்வதே ஆபத்து. அதனால்தான் சுவரின் வெளிப்புறம் ஒட்டுத் திண்ணை போட்டு அடியைத் தடித்து வைத்தார்கள். தண்ணீர் வடிந்ததும் சுவரோரத்து ஈரச் சேற்றை வெட்டி அப்புறப்படுத்தி, அடிச் சுவரைக் காற்றுப் படத் திறந்து விடுவார்கள். முழுக்கக் காய்ந்த பிறகே மண் அப்பிச் சாணம் மெழுகுவார்கள். ஈரத்தின் மேல் பூசினால் காய்ந்ததும் பொருக்கு விட்டு உதிரும். குதிரில் இருந்த நெல்லுக்கு இந்தப் பொறுமை கூடாது. நனைந்த நெல் ஓரிரு நாளில் சூடேறி முளைவிட்டுவிடும். ஊறியதுதான் ஊறிவிட்டது என்று அன்றே அவித்துப் புழுங்கலாக்கிக் காயவைத்தால் சோறாவது மிஞ்சும். இந்தச் சமையலறை அறிவு சாதாரணமானது அல்ல. மழைக்காலத்தில் அறுவடையாகும் ஈர நெல்லை என்ன செய்வது என்ற கேள்விதான் 1972-இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, பின்பு தஞ்சாவூருக்கு மாறியது. ஈர நெல்லில் உப்பும் உமியும் கலந்து சில நாள் தாக்குப்பிடிக்க வைக்கும் முறையும் அங்கே ஆராயப்பட்டதே. ஆக, பழைய வீட்டில் ஒரு வரிசை இருந்தது: தண்ணீரை உடனே வெளியேற்று, தானியத்தை அன்றே காப்பாற்று, சுவரை மட்டும் அவசரப்படுத்தாதே.

இந்த வரிசையைக் குலைத்ததில் நிவாரணத்துக்கும் பங்கு உண்டு என்றால் சிலருக்குக் கோபம் வரலாம். வெள்ளைக்கார ஆட்சியில் நிவாரணம் என்றால் பெரும்பாலும் விளைச்சல் சாவியானதற்கு வரி வஜா, அல்லது 1883, 1884 சட்டங்களின்படி தக்காவி எனப்பட்ட அரசு விவசாயக் கடன். இரண்டும் நிலத்தைப் பார்த்தவை. இடிந்த குடிசைக்கு அந்தப் பேரேட்டில் பெரிய இடமில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வீடும் கணக்கில் சேர்ந்தது. அது மறுக்க முடியாத முன்னேற்றம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு, முழுதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 4,100 ரூபாய், விழுந்த தென்னை ஒன்றுக்கு மரத்துக்கு 600-ம் வெட்டி அகற்ற 500-ம் என 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஆனால் கணக்கெடுக்க ஆள் வர வேண்டும். வரும்வரை விழுந்ததை விழுந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் மக்களிடம் இயல்பாகவே வரும். சுத்தம் செய்தால் அத்தாட்சி போய்விடும், செய்யாவிட்டால் வீடு போய்விடும். முன்னோர்களுக்கு இல்லாத சிக்கல் இது.

கஜா காற்றுதானே, வெள்ளமா என்று கேட்கலாம். கீரமங்கலம் வட்டாரத்தில் தென்னை சாய்ந்தது கண்ணுக்குத் தெரிந்த சேதம். கூரை பறந்த வீட்டுக்கோ தண்ணீர் தெருவிலிருந்து வந்தால் என்ன, மேலிருந்து வந்தால் என்ன. ஊறிய அரிசியும் ஊறிய சுவரும் ஒன்றுதான். 1952, 1955 புயல்கள் தஞ்சைச் சீமையை அடித்தபோது இல்லாத ஒரு கஷ்டம் 2018-இல் இருந்தது: மின்சாரம். புயல் பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. குளமும் கிணறும் குடிநீர் தந்த காலத்தில் மின்கம்பம் விழுந்தால் தாகம் எடுத்திருக்காது. பல நூறு அடி ஆழத்து போர்வெல்லை நம்பிய ஊர், ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டியை நிரப்ப வேண்டியிருந்தது. பக்கத்துக் கொத்தமங்கலத்தில் உதவி வரவில்லை என்று மறுநாளே மறியல் வெடித்து, அரசு வாகனங்கள் எரிந்து, கைதுகளில் முடிந்தது. வாகனங்களை எரித்ததை நியாயப்படுத்த முடியாது. எவ்வளவு பெரிய அரசாங்கமானாலும் முதல் இரண்டு நாளில் எல்லா ஊருக்கும் வந்து சேராது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை. அந்த இரண்டு நாளில் மரத்தை அறுத்துப் பாதை திறந்தது ஊர்க்காரர்கள்தான்.

கான்கிரீட் வீட்டுக்கு இந்தப் பழங்கதை எதற்கு என்பது கடைசி மறுப்பு. கான்கிரீட் வீடு சாயாது. ஆனால் சிமெண்ட் பூச்சும் பெயிண்டும் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். வாரக்கணக்கில் காய வேண்டிய சுவருக்கு மூன்றாம் நாளே வெள்ளையடித்தால் பூஞ்சணம் பூத்துப் பூச்சு உப்பிக் கொட்டும். பொறுமை வேண்டிய இடம் மாறவில்லை. புதிதாகச் சேர்ந்தவை மூன்று. தண்ணீரில் கால் வைக்குமுன் மெயினை அணைப்பது; சுவிட்ச் பலகையே ஈரமாக இருந்தால் அதைத் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்வது. எதையும் அகற்றுமுன், தண்ணீர் நின்ற மட்டம் சுவரில் தெரிகிறபடி செல்போனில் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் மனுக் கொடுப்பது. இதனால் கணக்கெடுப்புக்காகச் சேற்றில் காத்திருக்க வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்காமல் இருப்பது. தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம், போட்டு ஒரு மணி நேரமாவது விட வேண்டும். வெள்ளம் கலந்த கலங்கல் தண்ணீருக்கு இந்த அளவு போதாது. கிணற்றை இறைத்துத் தெளியவிட்ட பிறகே மருந்து போட வேண்டும்.

உள்பாதி இப்படி மீண்டுவிடும். வெளிப்பாதி? 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கி, அரசு 100 கோடி ரூபாயில் குடிமராமத்தைப் பெயரளவில் மீட்டது. கட்டாய உழைப்பு இல்லை, பணம் அரசுடையது. கஜாவுக்கு மறு ஆண்டு பேராவூரணியில் 564 ஏக்கர் பெரிய ஏரியை விவசாயிகளும் இளைஞர்களும் சேர்ந்து தூர்வாரினார்கள். கொத்தமங்கலம் பக்கத்து இளைஞர்களும் சொந்தப் பணத்திலும் நன்கொடையிலும் குளத்தில் இறங்கினார்கள். ஜாதி பார்த்து ஆள் பிடிக்காமலும் அதிகாரியின் பிரம்பு இல்லாமலும் ஊர் வேலை நடக்கும் என்பதற்கு இவை போதுமான அத்தாட்சி. ஆனால் தண்ணீர் இல்லாத கோடையில் குளத்தை ஆழப்படுத்தத் திரளும் உற்சாகம், தெருவோர வாரியின் ஆக்கிரமிப்பை எடுக்கத் திரள்வதில்லை. குளத்தில் யாருடைய வீட்டுச் சுவரும் இல்லை, வாரியில் இருக்கிறது. சுற்றுவட்ட ஊராட்சிகளில் அக்டோபர் 2 கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால் வருகிறது. பேரூராட்சியான கீரமங்கலத்தில் கிராம சபை கிடையாது. வார்டுகளில் பகுதி சபை உண்டு. உங்கள் தெருத் தண்ணீர் எந்த வாரி வழியாக எந்தக் குளத்துக்குப் போக வேண்டும், அந்த வாரி இப்போது எங்கே அடைபட்டிருக்கிறது என்று அங்கே எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.