நீரேரியின் பருவங்கள்

விடுமுறை நாளில் தூண்டிலுடன் நீர்நிலையை நாடிச் செல்லுதல் பல நாட்டாருக்கும் உவப்பான பொழுதுபோக்காகும். இங்கிலாந்தின் ஐசக் வால்டன் 1653ஆம் ஆண்டிலேயே அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1880களில் நுவரெலியாவின் மலையோடைகளில் டிரவுட் மீன் கொணர்ந்து விடப்பட்டதும் இவ்விருப்பத்தினாலேயே.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கத்தில் நீரேரியைச் சேர்கிறது. தொண்டைமானாறு பெயரளவில் ஆறு. உண்மையில் அது கடலோடு கலக்கும் உவர்நீர்ப் பரப்பு. கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்வதற்காக அதனை வெட்டித் திருத்தினான் என்பது செவிவழி வரலாறு. ஆகவே, இங்கு மீன்பிடிக்கப் புறப்படுவோர் ஆற்றைத் தேடுவதை விட்டு, காற்றையும் மழையையும் அறிதல் வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்று மழையைக் கொணர்கிறது. அப்போது வடமராட்சிக் கடல் கொந்தளிக்கும். மீனவருக்கு நீரேரியே புகலிடம். வெள்ளம் பெருகி உவர் தணியும்போது, உள்ளே வளர்ந்த இறால்கள் கடலை நோக்கிப் புறப்படுகின்றன. தையும் மாசியும் நீர் தெளிந்து அமைதியுறும் காலம். தூண்டிலுக்கும் வீச்சு வலைக்கும் ஏற்றவை. சித்திரைக்குப் பின் வெயில் ஏறுகிறது. சோளகக் காற்று வீசத் தொடங்குகிறது. வடமராட்சி நீரேரியின் பெரும்பகுதி வற்றி, வெடித்த சேற்று நிலமாகிறது. அக்காலத்தில் அங்குத் தூண்டிலுடன் செல்வது வீண்முயற்சி.

இப்பருவ ஒழுங்கை மாற்றியமைக்க மனிதர் முயன்றனர். குடாநாட்டு மக்கள் குடிநீருக்கும் தோட்டப் பயிருக்கும் கிணறுகளையே நம்பியிருந்தனர். சுண்ணாம்புக் கற்பாறையினுள் மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மிகுதியாக இறைத்தால் உவர் மேலேறிவிடும். இதனைத் தடுக்க, பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் 'யாழ்ப்பாணத்திற்கு ஓர் ஆறு' எனும் திட்டத்தை வகுத்தார். வன்னியின் கனகராயன் ஆறு ஆனையிறவு நீரேரியில் சொரியும் நீரைத் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்று நீரேரிக்கும் செலுத்துவது அதன் கருத்து. கடல்நீர் உட்புகாதபடி தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. முள்ளியான் வாய்க்கால் மட்டும் முற்றுப்பெறவில்லை.

நீர் நன்னீரானால் கிணறுகள் வாழும், இதில் ஐயமில்லை. ஆனால் இறால் கடலிலே முட்டையிட்டு, குஞ்சுப் பருவத்தில் நீரேரிக்குள் வந்து வளரும் உயிர். கதவு அடைபட்ட இடத்தில் அதன் வழியும் அடைபடுகிறது. அதனை நம்பிய குடும்பத்தின் உலையும் ஆறிவிடுகிறது. தோட்டக்காரனின் தாகமும் நியாயமானதே. வலைஞனின் பசியும் நியாயமானதே. எனவே, எம்மாதத்தில் கதவைத் திறப்பது, எம்மாதத்தில் மூடுவது என்பது பொறியியல் மட்டுமே விடை கூறத்தக்க வினாவன்று. வாடையையும் சோளகத்தையும் கணித்து வாழ்ந்த மீனவரின் அறிவும் அங்கே கேட்கப்பட வேண்டும்.

விடுமுறைக்குத் தூண்டில் எடுப்பவர் தை மாதத்தில் நீரேரிக் கரைக்குச் செல்லலாம். பொழுதுபோக்குக்காகச் செல்பவருக்கு அது ஒரு நாளின் இன்பம். அக்கரையில் வாழ்பவருக்கோ அதுவே ஆண்டு முழுவதற்குமான கணக்கு.