கப்பற் பரிசாரகரும் இனாமும்

உல்லாசப் பயணக் கப்பல்களிற் செல்வோர் பயணத்தின் முடிவிலே தமக்குத் தரப்படும் கணக்குச்சீட்டை நோக்கின், அதில் ஒரு வரி தனித்து நிற்கக் காண்பர். அருந்திய பானங்களுக்கும் வாங்கிய பொருள்களுக்கும் உரிய விலைகளோடு, அவர்கள் கேளாமலே சேர்க்கப்பட்ட தொகை ஒன்று, ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்ற வீதத்தில் அங்கே எழுதப்பட்டிருக்கும். அது கப்பற் பணியாளருக்குரிய இனாம் என்பர். இனாம் என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. கணக்குச்சீட்டில் ஏறிய தொகையோ கடனைப் போன்றது. ஒன்றுக்கொன்று மாறுபட்ட இவ்விரண்டும் ஒரே வரியில் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதையே இன்றைய பேச்சிற் சிறிது ஆராய விரும்புகிறேன். இது சில்லறைக் காசின் வரலாறு போலத் தோன்றும். ஆயின் உழைப்பவனுக்குக் கூலி கொடுக்கவேண்டியவர் யார் என்னும் பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். இனாம் என்பது அறபு மொழியிலிருந்து வந்து தமிழில் நிலைபெற்ற சொல். அரசர்கள் வரி நீக்கிக் கொடுத்த நிலத்தை இனாம் நிலம் என்றனர். மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு மனமுவந்து வழங்குவது என்பதே அதன் உட்பொருள். வேலை செய்தவனுக்குக் கூலிக்கு மேலாகக் கொடுப்பதை நம் நாட்டிலே 'சந்தோசம்' என்றும் சொல்லுவார்கள். கொடுப்பவரின் மகிழ்ச்சியையே அச்சொல்லும் குறிக்கிறது. வாங்குபவரின் உரிமையைப் பற்றி இரண்டு சொல்லிலும் ஒரு குறிப்பும் இல்லை.

ஆனால், கொடை நாளடைவில் வழக்கமாகும். வழக்கமானதை எதிர்பார்த்தே மனிதர் வாழ்வை அமைத்துக்கொள்வர். 18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே பெருமக்கள் வீட்டில் விருந்துண்டு புறப்படும் ஒருவர், வாயிலில் வரிசையாக நிற்கும் வேலைக்காரர் ஒவ்வொருவர் கையிலும் காசு வைத்துவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. விருந்தின் விலை கடையில் உண்பதிலும் கூடிவிட்டது என்று விருந்தினர் முறையிட்டனர். லண்டன் வீதிகளிற் குடை பிடித்து நடந்த முதல் ஆடவருள் ஒருவர் என்று பேர்பெற்ற யோனாஸ் ஹான்வே என்பவர், 1760 இல் இவ்வழக்கத்தைக் கண்டித்துக் கடிதங்கள் எழுதி வெளியிட்டார். எசமானர் சிலர் ஒன்றுகூடி இதனை நிறுத்த முயன்றபோது, 1764 இல் லண்டனிலுள்ள ரனிலா பூங்காவில் வேலைக்காரர் கலகம் விளைத்தனர். அவர்கள் சினத்திற்குக் காரணம் இருந்தது. இனாம் கிடைக்கும் என்ற கணக்கிலேயே அவர்களுடைய சம்பளம் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. இனாத்தை ஒழிக்க விரும்பிய எசமானர் எல்லோரும் அதற்கு ஈடாகச் சம்பளத்தை உயர்த்த விரும்பினார் அல்லர்.

தரையில் எழுந்த இவ்வழக்கு, நீராவிக் கப்பல்கள் பெருகிய காலத்திற் கடலிலும் ஏறிற்று. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் பெருங்கப்பல் ஒன்று மிதக்கும் மாளிகை போன்றது. படுக்கையறைப் பரிசாரகர், மேசைப் பரிசாரகர், மேற்றளத்தில் நாற்காலி இட்டுப் போர்வை கொடுப்பவர், குளியலறை ஒழுங்கு செய்பவர், காலணி துடைப்பவர் எனப் பலர் அங்கே பணிபுரிந்தனர். பயணி ஒரு வாரம் இவர்களுடைய கையிலேயே வாழ்ந்தார். கரை காணும் முன் யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைப் பிரயாண வழிகாட்டி நூல்கள் முன்கூட்டியே எடுத்துரைத்தன.

கீழைத் தேசங்களுக்கு வந்த கப்பல்களிலும் இதே நிலைதான். கொழும்புத் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிச் சென்ற பி. அன்ட் ஓ. கம்பனிக் கப்பல்களிற் கோவாவைச் சேர்ந்த பரிசாரகர் பலர் இருந்தனர். இந்திய மாலுமியருக்கென வகுக்கப்பட்ட தனி ஒப்பந்தத்தின்கீழ் அமர்த்தப்பட்ட அவர்களது சம்பளம், பிரித்தானியர் பெற்ற சம்பளத்திலும் மிகக் குறைவு. வெள்ளைத் துரையும் துரைசாணியும் இறங்கும்போது கொடுக்கும் காசு அவர்களுக்கு எத்துணை வேண்டியதாயிருந்திருக்கும் என்பதை நேயர்கள் உய்த்துணரலாம்.

இம்முறையின் உண்மை இயல்பை ஒரு பேரழிவு வெளிப்படுத்தியது. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அதிகாலையில் டைட்டானிக் கப்பல் மூழ்கியதை அறியாதார் இல்லை. அக்கப்பலின் பரிசாரகர் ஒருவருக்கு மாதச் சம்பளம் 3 பவுண் 15 சிலிங். அதே கப்பலில் முதல் வகுப்பின் சாதாரண அறை ஒன்றிற்குக் கட்டணம் 30 பவுண் அளவில் இருந்தது. அஃதாவது, அறையைத் துப்புரவு செய்பவர் எட்டு மாதம் உழைத்தாலே அதன் ஒருமுறைக் கட்டணத்தைச் சம்பாதிக்கலாம். கப்பலின் உரிமையாளர் இச்சம்பளத்தைப் போதுமானதாகக் கருதியதற்குக் காரணம், எஞ்சியதைப் பயணிகள் கொடுப்பர் என்பதே. கப்பல் நியூயோர்க்கை அடையவில்லை. கடைசி நாள் இனாமும் கிடைக்கவில்லை. அதுவுமன்றி, 1894ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டப்படி, கப்பல் சிதைந்தால் அத்தோடு மாலுமியின் வேலை முடிந்துவிடும். ஆகவே, கப்பல் அமிழ்ந்த அன்றோடு சம்பளமும் நின்றது. உயிர் தப்பிய பரிசாரகர் குளிர்ந்த கடலில் மிதந்த நேரத்திற்கும், மீட்புக் கப்பலிற் கழித்த நாள்களுக்கும் கூலி இல்லை.

இக்கொடுமை சட்டம் இயற்றுவோர் மனத்தைத் தொட்டது. சர்வதேசத் தொழில் அமைப்பு 1920 இல் இத்தாலியின் ஜெனோவா நகரிற் கூட்டிய மாநாட்டில், கப்பல் அழிந்தால் வேலையிழக்கும் மாலுமிக்கு இரண்டு மாதம் வரை சம்பளம் கொடுக்கவேண்டும் என்ற உடன்படிக்கையை நிறைவேற்றியது. பிரித்தானியா 1925 இல் அதனைத் தன் சட்டமாக்கியது. இது பெரியதோர் முன்னேற்றமே. ஆயினும் அது காத்தது சம்பளத்தை. பரிசாரகரது வாழ்வின் மறுபாதியாகிய இனாம் கப்பற் கணக்கிலே எங்கும் எழுதப்படாமையால், அதற்கு இவ்வுடன்படிக்கையிற் காப்பு இல்லை.

இனாமும் சம்பாத்தியமே என்பதை நீதிமன்றங்கள் இதற்கு முன்னரே கண்டிருந்தன என்பது இங்கே நினைக்கத்தக்கது. புகையிரத உணவு வண்டியிற் பணிபுரிந்த பரிசாரகர் ஒருவர் தொடர்பான நட்டஈட்டு வழக்கில், எசமானர் அறிய வெளிப்படையாகப் பெறும் இனாமும் அவரது சம்பாத்தியத்திற் சேரும் என்று இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1908 இல் தீர்ப்பளித்தது. புகையிரத நிலையச் சுமைதூக்குவோர் ஒருவர் பற்றிய வழக்கில் 1918 இல் பிரபுக்கள் சபையும் அதே கருத்தை ஏற்றது. நட்டஈடு கணிக்கும் வேளையில் இனாம் கூலி ஆயிற்று. கூலி கொடுக்கும் வேளையில் அது கொடையாகவே இருந்தது.

இனி, ஐக்கிய அமெரிக்காவை நோக்குவோம். இன்றைய உல்லாசக் கப்பல்களின் வழக்கம் பெரும்பாலும் அந்நாட்டிலிருந்து வந்தது. 1867 இல் நிறுவப்பட்ட புல்மன் கம்பனி, நெடுந்தூரப் புகையிரதங்களின் உறங்கும் வண்டிகளிற் பணிபுரியக் கறுப்பின மக்களை அமர்த்தியது. அண்மையில் அடிமைத்தளை நீங்கிய அவர்களுக்கு அது கொடுத்த சம்பளம் அற்பம்; பயணிகளின் இனாமே அவர்கள் குடும்பத்தைக் காத்தது. சுதந்திரக் குடிமக்கள் வாழும் நாட்டிற்கு இவ்வழக்கம் ஒவ்வாதது என்று சொல்லி, 1909 இல் வாஷிங்டன் மாநிலமும், பின்னர் வேறு சில மாநிலங்களும் இனாத்தைச் சட்டத்தால் தடுத்தன. அச்சட்டங்கள் 1926க்குள் நீங்கிவிட்டன. தடைச்சட்டம் சாதியாததைத் தொழிற்சங்கம் ஓரளவு சாதித்தது. ஏ. பிலிப் ராண்டோல்ஃப் தலைமையில் 1925 இல் தோன்றிய உறங்கும் வண்டிப் பணியாளர் சங்கம், பன்னிரண்டு ஆண்டு போராடி 1937 இற் கம்பனியோடு ஒப்பந்தம் செய்து சம்பள உயர்வு பெற்றது. கூலி உயர்ந்தபோதே இனாத்திற்கு ஏங்கும் நிலை தளர்ந்தது.

உல்லாசத்திற்கெனவே கப்பலேறும் வழக்கம் 1891 இல் ஜெர்மனியின் 'அவுகுஸ்தா விக்டோரியா' என்னும் கப்பல் மத்தியதரைக் கடலைச் சுற்றிவந்தபோதே பேர்பெற்றுவிட்டது. எனினும் அது பெருந்தொழிலாக வளர்ந்தது, 1958 இல் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கிப் பயணக் கப்பல்களின் பிழைப்பைப் பறித்த பின்னர்தான். 1966ஆம் ஆண்டு இறுதியில் 'சன்வேர்ட்' என்னும் கப்பல் மியாமித் துறைமுகத்திலிருந்து கரிபியன் கடலுக்கு உல்லாசப் பயணம் தொடங்கிற்று. அதே ஆண்டிலே, இனாமின் ஒரு பங்கைக் குறைந்தபட்சக் கூலியின் பகுதியாக முதலாளிமார் கணக்கிடலாம் என்று அமெரிக்கத் தொழிற்சட்டம் திருத்தப்பட்டது.

மியாமியிலிருந்து புறப்படும் கப்பல்களுக்கு அந்தக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் பொருந்தவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை பனாமா, லைபீரியா, பகாமாஸ் முதலிய நாடுகளின் கொடியைத் தாங்கியவை; அந்நியக் கொடிக் கப்பலின் மாலுமியர் அச்சட்டத்திற்குப் புறம்பானவர். அந்நியக் கொடியும் அந்நிய மாலுமியரும் உள்ள கப்பலின் உள்விடயங்களில் அமெரிக்கத் தொழிலுறவுச் சட்டம் தலையிடாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றமும் 1963 இல் தீர்ப்பளித்தது. இவ்வாறு பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, கரிபியன் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து வந்த பணியாளர், மாதக்கணக்கில் விடுமுறை நாளின்றி உழைத்தனர். சம்பளம் சிறிதாகவும் இனாம் பெரிதாகவும் அமைந்தது. பயணத்தின் கடைசி மாலையிற் கடித உறைகள் வழங்கப்படும். அறைப் பரிசாரகருக்கு ஒன்று, மேசைப் பரிசாரகருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று என்று காசு வைத்துக் கையிற் கொடுப்பர். அன்று மாலை உணவுக்கு வராமல் மறைந்துகொள்ளும் பயணிகளும் உண்டு. துணி வெளுப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் உறை கிடையாது. பயணி அவர்களைக் கண்டதே இல்லை.

இம்முறை மாறியதற்கு உடனடிக் காரணம் உணவு மேசை. முன்னர் ஒவ்வொரு பயணிக்கும் குறித்த மேசையும் குறித்த பரிசாரகரும் இருந்தனர். 2000ஆம் ஆண்டில் நோர்வீஜியன் குறூஸ் லைன் என்னும் கம்பனி, விரும்பிய நேரத்தில் விரும்பிய போசனசாலையில் உண்ணலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பரிசாரகர் பரிமாறினால் உறையை யாரிடம் கொடுப்பது? ஆகவே நாளொன்றுக்கு 10 டொலர் அளவான தொகை தானாகவே கணக்கிற் சேர்க்கப்பட்டது. இனாம் கட்டாயமன்று என்ற கொள்கையைப் பல்லாண்டுகளாகப் பேணிவந்த ஹொலண்ட் அமெரிக்கா கம்பனியும் 2004 இல் அதனைக் கைவிட்டு இவ்வழியில் வந்தது. 2020களின் நடுப்பகுதியிற் பெருங் கம்பனிகள் பலவற்றில் இத்தொகை 16 டொலருக்கும் 20 டொலருக்கும் இடைப்பட்டதாயிற்று.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. ஒளிந்துகொள்ளும் பயணியிடமிருந்தும் பணம் வருகிறது. பொதுவில் திரட்டிப் பங்கிடுவதால், திரைக்குப் பின்னால் உழைப்பவருக்கும் ஒரு பங்கு சேர இடமுண்டு. புன்னகையை விலைப்படுத்த வேண்டிய தேவையும் குறைகிறது. ஆனால், பங்கீடு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் கொடுப்பவர் கண்ணாற் காண இயலாது. விளம்பரத்திற் கட்டணத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, கூலியை வேறு வரியில் வசூலிக்கவும் இது வழிசெய்கிறது. இன்னும், பெயர் இனாமாகவே இருப்பதால், பயணி விரும்பினால் அதனைக் குறைக்கவோ நீக்கவோ பல கம்பனிகள் இடமளிக்கின்றன. குளிரூட்டி பழுதடைந்ததற்குச் சினங்கொண்டு ஒருவர் அத்தொகையை நீக்கினால், நட்டம் பொறியியலாளருக்கன்று, அறையைப் பெருக்கியவருக்கே.

வேறு வழி இல்லையா எனின், உண்டு. ஆடம்பரக் கப்பற் கம்பனிகள் சில, பணிக்கூலி முழுவதையும் பயணக் கட்டணத்திலேயே அடக்கிவிடுகின்றன. பிரித்தானியப் பயணிகளுக்கான பி. அன்ட் ஓ. குறூசஸ் கம்பனி, நாட்கணக்கில் அறவிட்ட இனாத்தை 2019 இல் நிறுத்தியது. 2006 இல் நிறைவேறி 2013 இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் உடன்படிக்கை, சம்பளத்தை மாதந்தோறும் முழுமையாகக் கொடுத்துக் கணக்குச்சீட்டும் வழங்கவேண்டும் என்று விதிக்கிறது.

இவ்விதி எத்துணை இன்றியமையாதது என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. பெருந்தொற்றினால் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் உல்லாசக் கப்பல்கள் நின்றபோது, பயணிகள் வீடு திரும்பினர்; பணியாளர் பல்லாயிரவர் மாதக்கணக்கிற் கப்பல்களிலேயே சிக்கியிருந்தனர். பயணி இல்லாத கப்பலில் இனாமும் இல்லை. 1912 இல் வடஅத்திலாந்திக்கிற் கண்ட அதே குறைபாடு, நூற்றெட்டு ஆண்டுகளின் பின்னர் மீண்டும் தலைகாட்டியது.

நம் நாட்டுக் கணக்குச்சீட்டுகளிலும் இவ்வரி உண்டு. இலங்கையின் பெரிய ஹோட்டல்களிலும் போசனசாலைகளிலும் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக்கட்டணம் சேர்க்கப்படுகிறது. அதைக் கண்டு முகஞ்சுளிப்போர் அது யார் கையைச் சேர்கிறது என்று கேட்பது நியாயமே. ஆனால், அப்பணம் இல்லாவிடின் அந்தப் பணியாளர் என்ன சம்பளத்தில் வாழ்வார் என்பதையும் சேர்த்துக் கேட்டாற்றான் கேள்வி முழுமையாகும். மனமுவந்து கொடுக்கும் கொடை போற்றத்தக்கது; அதனை ஒழிக்கவேண்டும் என்று எவரும் சொல்லவேண்டியதில்லை. ஒருவன் தன் நாள் முழுவதையும் கொடுத்து உழைத்ததற்குரிய ஊதியம் மட்டும், பிறருடைய மகிழ்ச்சியையும் மனக்கசப்பையும் நம்பி நிற்றல் ஆகாது. அதனைக் கொடுக்கும் கடமை அவனை வேலைக்கு அமர்த்தியவருக்கே உரியது.