ஊர் மூழ்கலாம், பதிவு மூழ்கக் கூடாது

மாத்தளை மாவட்டத்தின் லக்கலைக்குப் போனால் நாம் பார்ப்பது புது நகரம். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரத்தை விட்டு மக்கள் வெளியேற வேண்டி வந்தது. 2018இல் அங்கே தண்ணீர் நிரப்பத் தொடங்கினார்கள். கடைகள், பாடசாலை, அரச அலுவலகங்கள் எல்லாம் வேறிடத்தில் எழும்பின. கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம், சரி. யாருடைய காணி எது, யார் யாருடைய பிள்ளை என்ற பதிவு தொலைந்தால் என்ன செய்வது?

இந்தப் பயம் நமக்குப் புதுசு இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பலரிடம் அந்தக் கடதாசி இருக்கவில்லை. ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். சட்டத்தின் நோக்கம் அரசியல்தான். ஆனால் இல்லாத பதிவு அதற்கு வசதியான ஆயுதமாகிவிட்டது.

அன்று பதிவாளரின் பேரேடு, இன்று தரவுத்தளம். அதைக் காப்பவர்தான் தரவுத்தள நிர்வாகி. கணினி திருத்துகிற ஆள் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று எல்லை போடுவது அவர் வேலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடயம் வைக்க வேண்டும். பிரதி எடுக்க வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து தரவை உண்மையிலேயே மீட்க முடியுதா என்று அடிக்கடி சோதிக்கவும் வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசி வேலையில்தான்.

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவையை ரான்சம்வேர் தாக்கியது. gov.lk என்று முடியும் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகம் உட்பட. வலையமைப்போடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. தனியாகப் பிரித்து வைத்த பிரதி இல்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு போனது போனதுதான். ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு பெட்டி வைத்தால், வெள்ளம் வரும்போது இரண்டும்தானே போகும்?

நம் பிறப்பும் காணியும் யாரோ ஒருவரின் கவனத்தில்தான் நிற்கின்றன. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கு. அதை வைத்துக் கேட்போம்: பதிவுகளின் இன்னொரு பிரதி வேறிடத்தில் இருக்கா? கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீங்க?