ஏத்தத்துல தவிக்கும் ரேடியேட்டர்

மாரண்டஹள்ளி ஸ்டேஷன்ல நின்னு டீசல் எஞ்சினைப் பார்த்தவங்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. தர்மபுரியிலேர்ந்து ஓசூர் பக்கம் போகப் போக ஏத்தம். சரக்கு வண்டி உறுமிக்கிட்டே ஊர்ந்து போகும். எல்லாரும் கரும்புகையைப் பார்ப்பாங்க. எனக்குக் கண்ணு ரேடியேட்டர் மேல. (ஆளாளுக்கு ஒரு கிறுக்கு!)

நீராவி எஞ்சினுக்கு இந்தத் தலைவலியே இல்ல. வேலை செஞ்ச ஆவியைப் புகைபோக்கி வழியா விட்டுட்டுப் போயிடும். டீசலுக்கு அது முடியாது. வாரணாசியில 1964 முதல் தயாரான டபிள்யூ.டி.எம்-2-க்கு 2600 குதிரைசக்தி. எஞ்சின் சூட்டை வெளியே கொண்டுவர்றது தண்ணி. அது பித்தளைக் குழாய்கள்ல ஓடும், குழாய்களைச் சுத்தி மெல்லிய செம்புத் தகடுகள். தண்ணி சூட்டைச் சட்டுனு குழாய்க்குக் கொடுத்துடும். வாங்கிக்கறதுல காத்துதான் சோம்பேறி. அதனால காத்துப் பக்கம் பரப்பைக் கூட்டணும். 1901-ல மேபாக் 35 குதிரைசக்தி மெர்சிடஸ் காருக்கே 8070 குட்டிக் குழாய்களை அடுக்கினார்னா பாருங்க!

ஆனா குழாயையும் தகட்டையும் பிடிச்சு வெச்சது ஈயப்பத்து. அதிர்வுல அது விரிசல் விடும், தண்ணி கசியும். ஏத்தத்துல முழு சக்தி, வேகமோ கம்மி, எதிர்காத்து கிடையாது. கூரை ஃபேன் இழுக்கறதுதான் காத்து. தண்ணி குறைஞ்சா எஞ்சின் தானே நின்னுடும். ஒத்தைத் தடத்துல அப்படி நின்னா பின்னால வர்ற வண்டி எல்லாம் அம்பேல். அதான் பிற்பாடு ஈயத்தையே தூக்கிட்டாங்க: தகட்டு ஓட்டையில குழாயைச் செருகி, உள்ளேர்ந்து விரிச்சு இறுக்கற முறை.

இப்ப இந்தத் தடத்துல மின்கம்பி வந்தாச்சு. ரேடியேட்டர் ஒழிஞ்சுதான்னு கேக்கறீங்களா? மின் எஞ்சின்லயும் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை ஆத்தறதுக்கு ஒண்ணு உக்காந்திருக்கு.