மூளையின் படத்தை வாசிக்க 12 ஆண்டுகள்

பக்கவாதம் தாக்கிய ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, அவரது மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறதா அல்லது வெடித்திருக்கிறதா என்பதே மருத்துவர்கள் முதலில் விடைகாண வேண்டிய கேள்வி. வெளியில் தெரியும் அறிகுறிகள் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கக்கூடும். ஆனால் அடைப்பைக் கரைக்கும் மருந்தை, இரத்தக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் அவரது உயிருக்கே ஆபத்து நேரலாம்.

விடையைத் தருவது ஸ்கேன் படம். அதனை வாசிப்பதில் தேர்ந்தவர்கள் நரம்புக் கதிரியக்கவியல் நிபுணர்கள்.

பழகிய கண்

புதிய இரத்தக் கசிவு சிடி ஸ்கேனில் வெண்மையாகத் தெரியும். அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணி நேரத்திலோ படம் ஏறக்குறைய இயல்பாகவே காணப்படலாம். மூளைத் திசுக்களுக்கு இடையிலான எல்லைகள் இலேசாக மங்குவதைக் கண்டுகொள்ளப் பழகிய கண் தேவை. முதுகெலும்பிலும் இதே நிலைதான். புற்றுநோய் பரவித் தண்டுவடத்தை அழுத்துவது உரிய நேரத்தில் கண்டறியப்படாவிட்டால், நோயாளி நடக்கும் திறனை நிரந்தரமாக இழக்க நேரிடலாம்.

சிடி ஸ்கேன் மூலம் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலில் படமெடுக்கப்பட்டது லண்டனில், விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், 1971 அக்டோபர் 1 ஆம் தேதி. கருவியை உருவாக்கிய பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, 1979 இல் ஆலன் கோர்மாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நீண்ட பாதை

பிரிட்டனில் இத்துறைக்கு வரும் மருத்துவர், வழக்கமாக 5 ஆண்டு மருத்துவக் கல்விக்குப் பின்னர் 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சியையும், 5 ஆண்டு கதிரியக்கவியல் பயிற்சியையும் முடிக்க வேண்டும். ராயல் கதிரியக்கவியலாளர் கல்லூரியின் தேர்வுகளிலும் தேற வேண்டும். பயிற்சியின் இறுதி ஆண்டுகளே மூளைக்கும் முதுகெலும்புக்கும் ஒதுக்கப்படுகின்றன. இரத்தக் குழாய்க்குள் நுண்குழாயைச் செலுத்திச் சிகிச்சை அளிக்க விரும்புவோருக்கு மேலும் ஓர் ஆண்டு தேவை. ஆக மொத்தம் 13 ஆண்டுகள்.

அந்தச் சிகிச்சையின் தேவை இந்த நூற்றாண்டில் பெருகியுள்ளது. அடைப்பை நுண்குழாய் வழியாக அகற்றுவது நோயாளிகளின் உடல் ஊனத்தைக் குறைக்கிறது என்பதை 2015 இல் வெளியான ஐந்து ஆய்வுகள் நிறுவின. ஸ்கேன் மூலம் தெரிவு செய்யப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் இது பயன் தரும் என்று 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் இதைச் செய்யக்கூடிய நிபுணர்களின் எண்ணிக்கை தேவைக்கு ஈடாக வளரவில்லை. இதையடுத்து, கதிரியக்கவியல் சாராத பிற துறை நிபுணர்களுக்கும் இந்தச் சிகிச்சையைக் கற்பிக்கும் தனிப் பயிற்சிக்கு பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் ஒப்புதல் அளித்தது. பற்றாக்குறையை இது ஓரளவு குறைக்கலாம். எனினும் நுண்குழாயைச் செலுத்தும் கையைப் போலவே, யாருக்குச் செலுத்தலாம், யாருக்குக் கூடாது என்று படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் அறிவும் முக்கியம்.

ஸ்கேன் கருவியைப் பணம் கொடுத்து விரைவில் வாங்கிவிடலாம். அதன் படத்தை வாசிக்கும் மருத்துவரை உருவாக்கவோ பத்தாண்டுகளுக்கும் மேலாகிறது.